ஐப்பசியில் நிரப்பிய தோட்டா

நீராவிமேட்டில் வருடத்துக்கு ஒன்பது மாதம் மேகம் தரையில் நடக்கும். அந்த ஒன்பது மாதத்தில் உப்பு அழும், அப்பளம் துவளும், தீப்பெட்டியை ஆண்கள் அக்குளிலும் பெண்கள் அடுப்புமேட்டிலும் வைத்துக் காப்பாற்றுவார்கள், தாலுகா அலுவலகத்துக்கு எழுதிய மனு மலையிறங்கி பஸ் ஏறுவதற்குள் வெற்றிலையைப் போலத் தானாக மடங்கிக்கொள்ளும். அந்த ஊரில்தான் ஓர் ஐப்பசி இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு, வனராசு என்பவர் தன் ஏலக்காய்த் தோட்டத்தின் ஓரத்தில் நின்று சுட்ட துப்பாக்கிக் குண்டு, குழலை விட்டு வெளியே வந்து, ஒரு நிமிடம் பனியில் நின்று, பிறகு நாளுக்கு ஒரு சாண் வீதம் மேற்கே போகத் தொடங்கியது.

சத்தம் வரவில்லை. பால் பொங்கி அடுப்பில் விழுந்ததுபோல ஒரு புஸ் மட்டும் கேட்டதாக, பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். புகை வந்தது. அதுவும் கலையாமல் வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. புகைக்கு முன்னால், நெஞ்சு உயரத்தில், நெல்லிக்காய் அளவுக்கு ஓர் ஈய உருண்டை காற்றில் நின்றது. வனராசு அதைச் சுற்றி வந்து பார்த்தார். முன்னால் போய் நிற்க மட்டும் அவருக்குக் கால் வரவில்லை.

"என்னத்தச் சுட்ட?" என்று களை எடுத்தவர்களில் ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"பன்னிய."

"பட்டுச்சா?"

"இன்னும் இல்ல" என்றார் வனராசு. அப்போது அவர் சொன்னதில் அது ஒன்றுதான் சரியான தகவல்.

காட்டுப்பன்றிகள் ஏலச்செடியின் கிழங்கைக் கிண்டிப் போடுகிற ஊர் அது. அதற்காக எட்டு வீடுகளுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் இருந்தது. எட்டுத் துப்பாக்கிகளுக்கும் பித்தளைத் தோட்டா நிரப்பிக் கொடுப்பவர் கூடலிங்கம். ஆயுதப்படையில் இருபத்தாறு வருடம் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். சுட்டு முடித்த தோட்டாக்கூட்டைத் துடைத்து, மறுபடி மருந்து போட்டு, அட்டை வில்லை வைத்து, குண்டு வைத்து, மெழுகால் மூடிக் கொடுப்பார். மற்ற ஊர்களில் கருமருந்தை மூடியால் அளந்து போடுவார்கள். கூடலிங்கம் தங்கம் நிறுக்கிற தராசில் நிறுத்துத்தான் போடுவார். கண்ணளவில் மருந்து போடுகிறவனும் கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவனும் ஒன்று என்பது அவர் கட்சி. நிறுவையைப் பற்றி யாராவது வாய் திறந்தால், அன்று முழுவதும் அவர் பேசிக்கொண்டிருப்பார் என்பதால் யாரும் திறப்பதில்லை.

அவர் வீட்டில் ஒரே ஒரு சுவர்ப்பலகை இருந்தது. அதில் மருந்து டப்பா ஒரு பக்கமும், அவர் மனைவி சீனியம்மாளின் உப்பு ஜாடி மறுபக்கமும் இருந்தன. உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும், இழுத்ததைப் பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுக்கும், மருந்து அதைக் குடித்தால் சோம்பலாக எரியும், சோம்பலாக எரிந்தால் குண்டு தாழ விழும் என்று கூடலிங்கம் பதினோரு வருடமாகச் சொல்லிவந்தார். "அப்ப உப்ப என் தலையில வச்சுக்கிறவா?" என்று சீனியம்மாள் பதினோரு வருடமாகக் கேட்டுவந்தார். ஐப்பசி, கார்த்திகையில் தோட்டா நிரப்புவதில்லை என்று கூடலிங்கம் வைத்திருந்த விதிக்கு அந்தப் பலகைதான் காரணம்.

ஐப்பசி பத்தொன்பதாம் தேதி, கொட்டுகிற மழையில் வனராசு வந்து வாசலில் நின்று, ஒரு தோட்டா வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றபோது கூடலிங்கம் விதியை மீறினார். நாற்பத்தைந்து குன்றிமணி எடை நிறுத்தார். தராசு நேராக நின்றது. எடை சரி. ஆனால் அந்த எடையில் மழையும் சேர்ந்திருந்தது.

குண்டு கிளம்பிய மூன்றாம் நாள், ஊர் அதைத் தொட்டுப் பார்க்கும் கட்டத்தைக் கடந்துவிட்டது. கருங்கல்லை முன்னால் வைத்தார்கள். கெட்டித்தயிரில் விரல் போவதுபோல அது கல்லுக்குள் போய், இரண்டாம் நாள் மறுபுறம் வந்தது. ஏர்க்கொழுவை வைத்தார்கள். அதில் அழகான ஒரு துளை கிடைத்தது. கொழுவுக்குச் சொந்தக்காரர் அதில் கயிறு கோத்து ஆட்டைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேர் சாக்கைச் சுற்றிக் குண்டைப் பிடித்து இழுத்தார்கள். குண்டு நிற்கவில்லை. சாக்கும் அவர்களும் அன்றைக்கு ஒரு சாண் மேற்கே போனார்கள்.

கீழேயிருந்து சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். குண்டைக் குனிந்து பார்த்தார், வனராசுவின் லைசென்ஸைப் பார்த்தார், பிறகு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"யாருக்காச்சும் பட்டுச்சாய்யா?"

"இல்லீங்க."

"பட்டா எனக்குச் சொல்லி அனுப்புங்க. படாத குண்டுக்கு நான் எந்தச் செக்‌ஷன்ல போய் எழுதறது?" என்றவர், ஜீப்பில் ஏறும்போது வனராசுவிடம் திரும்பி, "பன்னிதானே?" என்று கேட்டார்.

"பன்னிதாங்க."

"பன்னி" என்று எழுதிக்கொண்டு போனார்.

நில அளவையர் ஒருவர் வேறு வேலையாக வந்தவர், ஊர் கேட்டுக்கொண்டதால் சங்கிலி போட்டு நூல் பிடித்துக் கொடுத்தார். அந்த நூல் வனராசுவின் வேலியில் தொடங்கி, ஓடையைத் தாண்டி, பொதுப்பாதையைத் தாண்டி, ராசாமணியின் டீக்கடைக்குள் புகுந்து வெளியே வந்து, பெருமாயியின் முற்றத்தைக் கடந்து, அவர் வீட்டுக் கிழக்கு வாசலின் சரியான நடுவில் முடிந்தது. மொத்தம் நூற்றெண்பது அடி. நூலின் ஒரு முனையை வனராசுதான் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு முனையைப் பெருமாயி தன் வாசலில் நின்று பிடித்துக்கொண்டிருந்தார். நூல் தளராமல் நின்றது. சுற்றி நின்ற நாற்பது பேரும் அந்த வழியில் பன்றி மேய எதுவும் இல்லை என்பதைப் பார்த்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் அதை வைத்து ஏதாவது செய்ய வேண்டும், குண்டு போய்ச் சேர இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது என்பதால் கேள்வியைத் தள்ளி வைத்தார்கள்.

பெருமாயி வனராசுவின் அண்ணன் மனைவி. அண்ணன் ஆடியில் இறந்தார். வீடு இருக்கும் மூன்று சென்ட் நிலம் அப்பன் சொத்து, அது தனக்குத்தான் திரும்ப வர வேண்டும் என்றார் வனராசு. பதினெட்டு வருடம் குடியிருந்த வீடு, பட்டா என் பேருக்கு வேண்டும் என்று பெருமாயி மனு கொடுத்தார். மனு மூன்றாவது தடவைதான் மடங்காமல் தாலுகா அலுவலகம் போய்ச் சேர்ந்தது. வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து, மனுதாரர் அந்த வீட்டில்தான் இருக்கிறாரா என்று பார்த்து எழுத வேண்டும். பூட்டிக் கிடந்தால் மனு தள்ளுபடி. தோட்டா கேட்டு வனராசு மழையில் போனதற்கு முந்தின நாள்தான் அந்த ஆய்வுக்கான கடிதம் ஊருக்கு வந்திருந்தது.

ஆய்வாளர் கார்த்திகையில் வந்தார். முற்றத்தின் விளிம்பில் நின்று, தூரத்தில் பாதைக்கு அந்தப் பக்கம் காற்றில் தொங்கிய குண்டைப் பார்த்தார்.

"அது இந்த வாசலுக்கா வருது?"

"ஆமாங்கய்யா."

"வந்து போகட்டும். அப்புறம் வந்து எழுதறேன்."

"அதுவரைக்கும் நான் எங்கிட்டு இருக்க?"

"இங்கதாம்மா இருக்கணும். இல்லாட்டி காலி மனைன்னு ஆயிடும்" என்று சொல்லிவிட்டு அவர் மதிய பஸ்ஸைப் பிடித்தார்.

ஊர் பெருமாயிக்கு வேறு யோசனைகள் சொன்னது. தெற்குச் சுவரை உடைத்து இன்னொரு வாசல் வைத்துத் தருகிறோம், நாலு பேர் இரண்டு நாளில் முடித்துவிடுவோம் என்றார்கள். "மனுவுல கிழக்கு வாசல்னு எழுதியிருக்கு. வாசலு மாறினா அது வேற வீடும்பாக" என்றார் பெருமாயி. ஒரே அறையும் ஒரே வாசலும் உள்ள வீடு. அவர் அடுப்பைத் தெற்கு மூலைக்கும் பாயை வடக்கு மூலைக்கும் நகர்த்திவிட்டு, நடுவில் ஒரு கோலப்பொடிக் கோடு போட்டு, அதைத் தாண்டும்போதெல்லாம் ஒரு தடவை வெளியே பார்த்துக்கொண்டார்.

தை ஐந்தாம் தேதிவரை குண்டு பயப்படும்படி ஏதும் செய்யவில்லை. ஐம்பத்தாறு அடி வந்திருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். பின்பக்கமாகச் சுற்றிப் போவது பழக்கமாகிவிட்டது. அன்று அதிசயமாக மேகம் முழுவதும் விலகி, கிழக்கே சமவெளி கண்ணுக்குத் தெரிய, அங்கிருந்து வறண்ட காற்று மேலேறி வந்தது. வெயில் பட்டதும் குண்டின் மேலிருந்த ஈரம் ஆவியாகப் போனது. பகல் பதினொன்றரைக்கு, கண் இமைக்கும் நேரத்தில், குண்டு நாற்பத்தைந்து அடி போய் டீக்கடை முன்னால் நின்றது. நடுவில் ராசாமணியின் சேவல் இருந்தது. மலைமேலிருந்து ஒரு பொதி மேகம் இறங்கி மறுபடி மூடியதால்தான் குண்டு நின்றது. சேவலைப் பொறுக்கியவர்கள் ஒரு துண்டில் முடிந்து எடுத்துப்போனார்கள், துண்டு பெரிதாக இல்லை.

கூடலிங்கம் வந்து சேவல் கிடந்த இடத்தையும் குண்டையும் பார்த்தார். அவரிடம் ஒரு மூங்கில் குச்சி இருந்தது. முதல் நாளிலிருந்து குண்டின் உயரத்தைத் தினமும் அதில் வெட்டி வைத்திருந்தார்.

"இது நமுத்துப் போன குண்டு இல்ல. நமுத்துப் போன மருந்து தள்ளிவிட்ட குண்டு. ஈரம் இருக்கிறவரைக்கும் அதுக்கு வேகம் ஞாபகம் வராது. காய்ஞ்சா வந்துரும்" என்றார்.

"வந்தா?" என்றார் ராசாமணி. அவர் கையில் இன்னும் சேவலின் இறகு ஒன்று இருந்தது.

"மிச்சத் தூரத்த ஒரே நொடியில போகும், வயித்து உயரத்துல. ஈரமாவே இருந்தா நாளுக்கு நாள் தாழும். இந்தா, நெஞ்சுல ஆரம்பிச்சது இப்ப இடுப்புக்கு வந்திருக்கு. இப்படியே போனா பெருமாயி நிலைப்படியில உக்காந்துரும். ஒரு நாள்கூடக் காய விடக்கூடாது."

"நீங்க ஒழுங்கா நிறுத்துப் போட்டிருந்தா…" என்று யாரோ ஆரம்பித்தார்.

"எடை சரியா இருந்துச்சு" என்றார் கூடலிங்கம். அன்றைக்கு அதற்கு மேல் அவர் பேசாததை ஊர் கவனித்தது.

நீராவிமேட்டில் ஓடைத்தண்ணீருக்கு முறை உண்டு. இருபத்தொரு வீடு, வீட்டுக்கு ஒரு நாள். முறைக்காரர் அன்றைக்குத் தண்ணீரைத் தன் தோட்டத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம், மற்றவர் மடையில் கை வைக்கக்கூடாது. அதே முறையைக் குண்டுக்கும் வைத்தார்கள். முறைக்காரர் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை, ஏலத்துக்கு மருந்தடிக்கிற ஸ்ப்ரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, குண்டின் மேல் பூவாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். இரண்டு கழி நட்டு நனைந்த சாக்கை அதன் மேல் தொங்கவிட வேண்டும். மறுநாள் காலையில் கழியை ஒரு சாண் மேற்கே நகர்த்தி நட வேண்டும். பெருமாயி வீட்டுக்கும் முறை வந்தது.

"எனக்கு வர்ற குண்டுக்கு நானே தண்ணி அடிக்கணுமாக்கும்?"

"ஊர் வழக்கம்மா அது. வீட்டுக்கு ஒரு நாள்" என்றார்கள்.

"அப்ப என்னையும் ஒரு வீடுன்னு ஒத்துக்கிட்டீக. அதைத் தாலுகாபீசுல வந்து சொல்லுங்க" என்று ஸ்ப்ரேயரை வாங்கிக்கொண்டார்.

டீக்கடையைக் குண்டு கடக்கப் பதினாறு நாள் ஆனது. ராசாமணி பாய்லரை ஒரு முழம் தள்ளி வைத்தார், பெஞ்சை இரண்டாகப் பிரித்துப் போட்டார். கடையில் எப்போதும் ஈரச்சாக்கு தொங்கியதால் வடை காலையிலேயே சவசவத்தது, ஆனாலும் கூட்டம் குறையவில்லை. ஒருவர் குண்டுக்கு முன்னால் ஒரு பருப்புவடையைக் கட்டித் தொங்கவிட்டு, அது நாளெல்லாம் வடையைத் துளைத்துப் போவதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். "உளுந்தவடைய வைங்கண்ணே, அதுல ஏற்கெனவே ஓட்ட இருக்கு, குண்டுக்கு நோகாது" என்றார் ராசாமணி. பக்கத்து ஊர்களில் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வந்தவர்கள், குண்டு கடையை விட்டு வெளியேறும் நாளையும் கேட்டுக்கொண்டு போனார்கள். மாசி பிறந்தபோது நீராவிமேட்டுக்காரர்கள் குண்டை வைத்தே நாளைச் சொன்னார்கள். பாய்லர்கிட்ட இருந்தப்பக் கொடுத்த பணம், கழுவுற தொட்டியத் தாண்டினப்பப் பிறந்த கன்றுக்குட்டி.

வனராசுவின் முதல் முறை கடைக்கு வெளியே, பாதி வெயில் அடித்த ஒரு நாளில் வந்தது. அவர் தண்ணீர் அடிப்பாரா என்று பார்ப்பதற்காகவே அன்று பலருக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தது. அடித்தார். ஆனால் சாக்கு மதியமே காய்ந்தது, அவர் அதை நனைக்கவில்லை. சாயங்காலம் கூடலிங்கம் அளந்தபோது குண்டு இரண்டு சாண் போயிருந்தது. நின்றவர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். பெருமாயி மட்டும் தன் முற்றத்திலிருந்து எழுந்து வந்து, சாக்கை எடுத்துத் தொட்டியில் முக்கி, பிழியாமல் கழியில் போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். வனராசு அந்தச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை வேறொருவர் முறை. அந்த வீட்டுக்காரர் வந்தபோது வனராசு ஏற்கெனவே ஸ்ப்ரேயரோடு நின்றார்.

"உன் முறை நேத்து முடிஞ்சிருச்சேப்பா."

"இருக்கட்டும். நீங்க போய் வேற வேலையப் பாருங்க."

அதற்குப் பிறகு வனராசு அங்கிருந்து போகவில்லை. முறை என்று பெயருக்கு வீடுகள் மாறின, தண்ணீர் அடித்தது அவர்தான். கோபத்தில் ஒரு விரலை மடக்க ஒரு நொடி போதும் என்பது உலகத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோருக்கும் பொது. அந்த ஒரு நொடி தன் கண்முன்னால் ஆறு மாதம் நடந்து போவதைப் பின்னாலேயே நடந்து பார்க்கும்படி ஆனது இந்த ஒருவருக்குத்தான். அவர் தோட்டத்தில் களை ஏறியது. பன்றிகள் வந்து கிழங்கைக் கிண்டிவிட்டுப் போயின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பங்குனி பாதியில் ஓடை வற்றியது. சமவெளியிலிருந்து வறண்ட கீழ்க்காற்று வாரத்துக்கு மூன்று நாள் வீசியது. குண்டு பெருமாயியின் முற்றத்துக்குள் வந்து, முழங்கால் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது. வாசலுக்கு இருபத்தாறு அடி இருந்தது. குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது குண்டுக்கு எங்கே போவது என்று பத்து வீடுகள் முறையை விட்டு விலகின. வனராசு பள்ளத்து ஊற்றுக்கு இறங்கி, இரண்டு குடம் எடுத்துக்கொண்டு ஏறினார். ஒரு தடவை இறங்கி ஏற ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் கூடலிங்கம் குண்டுக்குக் குடை பிடித்தார்.

ஒருநாள் மதியம் குடத்தை இறக்கிவிட்டு வனராசு முற்றத்துக் கல்லில் உட்கார்ந்தபோது, கூடலிங்கம் குடையை மடக்காமலே பேசினார்.

"பன்னி வேட்டைக்கு வர்றவன் ஆறு கேப்பான், எட்டு கேப்பான். இருபத்தாறு வருசம் சர்வீஸ், அதுக்கப்புறம் இங்க பதினோரு வருசம். ஒத்தத் தோட்டா கேட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான்."

வனராசு குடத்தின் கழுத்தைத் துடைத்தார். "தெரிஞ்சுதான் குடுத்தீகளா?"

"எடை சரியா இருந்துச்சு."

"அதைக் கேக்கலண்ணே."

கூடலிங்கம் வெயில் திரும்பிய பக்கம் குடையைச் சரித்தார். "சீல் உடைக்காத டப்பா ஒண்ணு உள்ள இருந்துச்சு. காய்ஞ்ச மருந்து. உனக்கு நான் எடுத்தது உப்பு ஜாடிகிட்ட இருந்ததை" என்றார். பிறகு, "சாக்கு காயுது பாரு" என்றார்.

சித்திரை இருபதாம் தேதி குண்டு நிலைப்படிக்கு ஒரு விரல்கடை முன்னால் இருந்தது. உயரமும் ஒரு விரல்கடைதான். ஊர் முழுவதும் முற்றத்தின் இரண்டு பக்கமும், நடுவில் ஒரு பாதையை விட்டு, தேர் பார்ப்பதைப் போல நின்றது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. காலையிலிருந்து கீழ்க்காற்று நிற்கவே இல்லை, ஈரச்சாக்கு கண்ணெதிரே வெளுத்தது. ஊற்றிலிருந்து வாசல்வரை ஆட்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றினார்கள், விலகிய பத்து வீட்டுக்காரர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். வனராசு நிலைப்படி முன்னால் மண்டியிட்டு, ஸ்ப்ரேயர் தீர்ந்தபோது உள்ளங்கையில் அள்ளி, அதுவும் போதாதபோது துண்டைப் பிழிந்து, குண்டின் மேல் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொட்டும் தொட்டவுடன் சீறி ஆவியானது.

பெருமாயி அடுப்பிலிருந்து எழுந்து வந்தார். வந்து, ஆறு மாதமாகத் தாண்டும்போதெல்லாம் வெளியே பார்த்துவிட்டுத் தாண்டிய அந்தக் கோட்டின் மேலேயே, வாசலுக்கு நேராக, சம்மணமிட்டு உட்கார்ந்தார். முற்றத்தில் நின்றவர்கள் கத்தினார்கள். "அங்கிட்டுத் தள்ளி உக்காரு ஆத்தா!" என்றார் ராசாமணி.

"என் வீட்டுல நான் எங்க உக்காரணும்னு எல்லாரும் சொல்றாக" என்றார் பெருமாயி. பிறகு வனராசுவைப் பார்த்தார். இருவருக்கும் நடுவில் ஒரு முழத் தூரமும் ஒரு நெல்லிக்காய் ஈயமும் இருந்தன. "பன்னி எங்க நின்னுச்சு, கொழுந்தனாரே?"

ஊரில் யாரும் கேட்காத கேள்வி. வனராசுவின் கை நின்றது. துண்டில் தண்ணீர் இல்லை. குடம் இன்னும் மூன்று ஆள் தள்ளி வந்துகொண்டிருந்தது.

"மதினி" என்றார் வனராசு. அதற்கு மேல் அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, ஏனென்றால் ஐப்பசி இருபதாம் தேதி வர வேண்டிய சத்தம் அப்போதுதான் வந்தது. அது கிழக்கே வேலியிலிருந்து கிளம்பி, ஓடையைத் தாண்டி, பாதையைத் தாண்டி, டீக்கடையில் பதினொரு கிளாசை உடைத்து, நின்றவர்களின் பல்லில் புகுந்து வெளியேறி, பள்ளத்தில் விழுந்து எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. காட்டில் இருந்த பறவைகளெல்லாம் எழுந்தன. சத்தத்தின் நடுவில் வனராசுவின் வாய் அசைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். நீளமான பதில் இல்லை. மூன்று நாலு சொல்தான் இருக்கும். அழுதுகொண்டே சொன்னார். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் வழிந்தது குண்டின் மேல் சொட்டியது.

எதிரொலி அடங்கியபோது நிலைப்படியில் டொக் என்று ஒன்று விழுந்தது. புளியங்கொட்டை விழுகிற சத்தம்தான். குண்டு மரத்தில் ஒரு பள்ளம் செய்து, அதில் அரை வட்டம் உருண்டு, நின்றது.

பெருமாயி குனிந்து அதை எடுத்தார். சூடாக இருந்திருக்க வேண்டும், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "கேட்டுச்சு" என்றார். "உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போ. காலையில இருந்து எல்லாத்தையும் இதுக்கே ஊத்திட்ட."

வனராசு உடனே உள்ளே போகவில்லை. முற்றத்தில் நின்றவர்கள் கலைந்து, ராசாமணி கண்ணாடிச் சில்லைக் கூட்டி முடித்த பிறகுதான் போனார். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்குத் தகவல் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். "யாருக்காச்சும் பட்டுச்சா?" என்று அவர் கேட்டனுப்பினார். நிலைப்படிக்கு என்று பதில் போனது. அவர் வரவில்லை. வருவாய் ஆய்வாளர் வைகாசியில் வந்தார். கிழக்கு வாசலைப் பார்த்தார், மனுதாரர் குடியிருப்பதைப் பார்த்தார், நிலைப்படியில் இருந்த பள்ளத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு அதை மட்டும் எழுதாமல் விட்டார். பக்கத்து நிலத்துக்காரர் ஆட்சேபணை உண்டா என்ற இடத்தில், இல்லை என்று எழுதி வனராசு கையெழுத்துப் போட்டார். ஆனி மழையில் மேகம் மறுபடி தரையில் இறங்கியபோது பட்டா வந்தது. வழியில் கொஞ்சம் மடங்கியிருந்தது.

குண்டைப் பெருமாயி கூடலிங்கத்திடம் கொடுத்தனுப்பினார். அவர் அதைத் தங்கத் தராசில் வைத்தார். கல்லும் கொழுவும் சேவலும் வடையும் கடந்து வந்த ஈயம், புறப்பட்ட எடையில் ஒரு குன்றிமணிகூடக் குறையாமல் இருந்தது. "எடை சரியா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த வருடம் ஐப்பசிக்கு முன்னால் சீனியம்மாளின் தம்பி வந்து, எதிர்ச்சுவரில் புதிதாக ஒரு பலகை அடித்துக் கொடுத்தார். பன்னிரண்டாவது வருடத்தில் வழக்கு தீர்ந்தது என்று சீனியம்மாள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு நடு வீட்டில் நின்றார். வெளியே மழை பிடித்திருந்தது. எட்டுத் துப்பாக்கிக்காரர்களில் ஒருவர் வாசலில் நனைந்தபடி நின்று, அவசரமாக ஒரு தோட்டா வேண்டும், ஒன்று போதும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த உப்ப எங்க வைக்க?" என்றார் சீனியம்மாள்.

கூடலிங்கம் வாசலில் நின்றவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தராசை எடுத்துத் துடைத்தார்.

"இருந்த இடத்துலயே இருக்கட்டும்" என்றார்.